மார்பக அல்ட்ராசவுண்ட் டோமோகிராபி: ஒரு சுற்றுக்கு ஆறரை மணி நேரம், எங்கே குறைப்பது?

வேளிமலை:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து கேட்கிறேன். நீர்த்தொட்டியில் மார்பகத்தைச் சுற்றி வளையமாக நிற்கும் ஒலிக்கருவிகள் எடுக்கும் வளைய டோமோகிராபி டேட்டாவிலிருந்து மார்பகத்தின் ஒலிவேகப் படத்தை ஃபுல் வேவ்ஃபார்ம் இன்வெர்ஷன் (கணித்த அலை அளந்த அலையோடு ஒத்துவரும்வரை ஒலிவேக மாதிரியைத் திருத்துவது) வழியாக எடுக்கிறோம். படம் வருகிறது, ஆனால் நேரம் தாங்கவில்லை.

வளையத்தின் விட்டம் 220 மி.மீ., 256 எலிமென்ட் (ஒலி அனுப்பி-வாங்கி). ஒவ்வொன்றும் முறைவைத்து ஒலி அனுப்பும், மற்றவை எல்லாம் கேட்கும்; ஒரு அனுப்புதல் ஒரு ஷாட். சிக்னலில் 300 கிலோஹெர்ட்ஸ் முதல் 1 மெகாஹெர்ட்ஸ் வரை உருப்படியான ஆற்றல் இருக்கிறது. ஒரு ஷாட்டுக்கு 200 மைக்ரோவிநாடி பதிவு.

கணக்குப் பக்கம்: 2டி, டைம் டொமைன் (அலையை நேரத்தில் ஸ்டெப் ஸ்டெப்பாக நகர்த்துவது), இரண்டாம் வரிசை ஃபைனைட் டிஃபரன்ஸ் (வகைக்கெழுவைப் பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசத்தால் கணிப்பது; வரிசை கூடினால் துல்லியம் கூடும்). கட்டம் 0.1 மி.மீ., மொத்தம் 2400×2400. டைம் ஸ்டெப் 40 நானோவிநாடி, ஆக 5000 ஸ்டெப். கோட் பைத்தான், கியூபை (ஜிபியுவில் ஓடும் அரே நூலகம்), எல்லாமே ஃப்ளோட்64 (64 பிட் எண்). முன்னோக்கிய அலையை நாலு ஸ்டெப்புக்கு ஒருமுறை ஃப்ளோட்32 ஆக எஸ்எஸ்டியில் எழுதி, பிழையைப் பின்னோக்கி ஓட்டும்போது வாசித்து கிரேடியன்ட் (மாதிரியை எந்தப் பக்கம் திருத்துவது என்று காட்டுவது) எடுக்கிறோம். திருத்தத்தின் அளவைத் தேட இன்னொரு ஓட்டம். துவக்க மாதிரி எல்லா இடத்திலும் 1500 மீ/வி. கிராஃபிக்ஸ் கார்டு (ஜிபியு) ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. சிபியு 8 கோர், ராம் 64 ஜிபி.

ஒரு ஷாட்டுக்கு 90 விநாடி. 256 ஷாட்டும் ஓடி மாதிரி ஒருமுறை திருந்துவது ஒரு சுற்று; அதற்கு ஆறரை மணி நேரத்தை ஒட்டி. 30 சுற்று என்றால் எட்டு நாள். பெரிய கார்டு வாங்குவதா, கிளவுடில் வாடகைக்கு எடுப்பதா என்று மேலே கேட்கிறார்கள். கொட்டேஷன் வாங்கும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.


குளச்சல்_அலை:

தம்பி, கார்டு வாங்குற காசைப் பைய உள்ள வையுங்க. இந்த 90 விநாடி எங்க போகுதுன்னு முதல்ல பிரிச்சுப் பாப்போம்.

2400×2400 கட்டம் ஃப்ளோட்32ல 23 எம்பி. 5000ல நாலுக்கு ஒண்ணுன்னா 1250 படம், 29 ஜிபி. எழுதவும் வாசிக்கவும் சேர்த்து 58 ஜிபி. எஸ்எஸ்டி விநாடிக்கு 2 ஜிபி கொடுத்தாலும் 29 விநாடி அதுலயே தீந்துது. மீதி 60 விநாடி மூணு ஓட்டம், ஓட்டத்துக்கு 20. ஒரு ஓட்டத்துல 2880 கோடி புள்ளிகளைப் புதுப்பிக்கறீங்க, அதாவது விநாடிக்கு 144 கோடி. உங்க கார்டோட மெமரி வேகம் விநாடிக்கு 360 ஜிபி. ஒரே கெர்னலா (ஜிபியுவுல ஒரே தடவையா ஓடுற நிரல்) எழுதி ஃப்ளோட்32ல ஓட்டினா ஒரு புள்ளிக்கு 16 பைட் போக்குவரத்து போதும். ஏட்டுக் கணக்குக்கு 2250 கோடி வரணும், பாதி வந்தாலே 1100. இப்ப நீங்க கியூபையில ஒவ்வொரு கூட்டலும் கழித்தலும் தனித்தனி கெர்னலா ஓடி, நடுவுல தற்காலிக அரேயை எழுதி எழுதி வாசிக்குது. அதோட ஃப்ளோட்64. இந்த வகைக் கார்டுல அதோட வேகம் ஃப்ளோட்32ல 64ல ஒரு பங்குதான். இன்வெர்ஷனுக்கு ஃப்ளோட்32 தாராளம். டேட்டாவுல இருக்கற இரைச்சல் அதைவிடப் பல மடங்கு பெரிசு.

இது முதல் விஷயம். இரண்டாவதுதான் முக்கியம்: 0.1 மி.மீ. கட்டம் கனமா இருக்கே தவிர துல்லியமா இல்லை. 1 மெகாஹெர்ட்ஸில நீருல அலைநீளம் 1.5 மி.மீ., அதுக்கு 15 புள்ளி. இரண்டாம் வரிசை முறையில இதனால அச்சுத் திசையில அலை 0.73% மெதுவாப் போகும். டைம் ஸ்டெப் பிழை அதை 0.26% வேகப்படுத்தும். நிகரம் 0.47%, அதாவது 7 மீ/வி. மூலைத் திசையில 1.5 மீ/விதான். திசைக்குத் திசை மாறுற பிழை, கேட்டியளா. கொழுப்பு 1450 பக்கம், சுரப்பித் திசு 1510-1520, பல கட்டிகள் 1550 பக்கம். இந்த இடைவெளியில 7 மீ/வி சின்ன எண் இல்லை.

எட்டாம் வரிசைக்கு மாறுங்க. அலைநீளத்துக்கு 5 புள்ளி போதும். திசுவுல மிகக் குறைந்த வேகம் 1400ன்னு வச்சா 1 மெகாஹெர்ட்ஸுக்கு 0.28 மி.மீ. ஓர உறிஞ்சு அடுக்கையும் சேர்த்து 880×880. நிலைப்புத்தன்மை வரம்பு (ஒரு டைம் ஸ்டெப்புல அலை ஒரு கட்டத்துல எத்தனை பங்கு நகரலாம்ங்கறது, தாண்டினா எண் வெடிக்கும்) இரண்டாம் வரிசைக்கு 0.707, எட்டாம் வரிசைக்கு 0.55. ஆனா அந்த வரம்பை ஒட்டி டைம் ஸ்டெப் வைக்காதீங்க. பலரும் சறுக்குறது இங்கதான். இடத்துல எட்டாம் வரிசை, நேரத்துல இன்னும் இரண்டாம் வரிசைதானே. 300 கிலோஹெர்ட்ஸுக்கு 0.8 மி.மீ. கட்டம் போட்டு வரம்பிலேயே 0.277 மைக்ரோவிநாடி வச்சா அலை 1.1% வேகமா ஓடும், 17 மீ/வி பிழை. கோட் வெடிக்காது, படமும் வரும், எண் மட்டும் பொய்யா இருக்கும். 0.08 மைக்ரோவிநாடி வையுங்க, பிழை 0.1%க்குள்ள அடங்கும். 1 மெகாஹெர்ட்ஸுக்கு 30 நானோவிநாடி.

இப்போ 1 மெகாஹெர்ட்ஸில ஒரு ஓட்டம் 880×880×6667, 516 கோடி. உங்க பழைய கணக்குல ஐந்தரையில ஒரு பங்கு. எட்டாம் வரிசை கெர்னலை ஓரளவு ஒழுங்கா எழுதி விநாடிக்கு 500 கோடி எடுத்தாலே ஓட்டத்துக்கு ஒரு விநாடிதான். 300 கிலோஹெர்ட்ஸில 300×300×2500, 22 கோடி சொச்சம். ஒண்ணுமே இல்லை. 2டியில செலவு அதிர்வெண்ணின் மும்மடி, 3டியில நான்மடி. அதனால 300, 400, 550, 750, கடைசியா 1 மெகாஹெர்ட்ஸ்னு படி ஏறுங்க. பெரும்பாலான சுற்றுகளைக் கீழ்ப்படியிலயே முடிச்சிருங்க. மேல் படியில நாலஞ்சு போதும்.

ஒரு எச்சரிக்கை. 300×300 கட்டம் கார்டுக்கு ரொம்பச் சின்னது. ஒரு ஷாட் மட்டும் ஓட்டினா கெர்னலைக் கிளப்புற நேரமே கணக்கு நேரத்தை முந்திடும். 16 அல்லது 32 ஷாட்டை மூணாவது பரிமாணமா அடுக்கிச் சேர்ந்து ஓட்டுங்க.

எஸ்எஸ்டி சவத்தை விடுங்க, அது வேண்டவே வேண்டாம். கிரேடியன்ட் மார்பகம் இருக்கற இடத்துக்கு மட்டும் போதும். 160 மி.மீ. சதுரம் 571×571, 1.3 எம்பி. 0.2 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை எடுத்தா 1000 படம், 1.3 ஜிபி. ஜிபியு மெமரியிலேயே ஆறேழு ஷாட் நிக்கும். அதுவும் வேண்டாம்னா ஓரத்துல நாலு வரி புள்ளிகளை மட்டும் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் வச்சுக்கிட்டு அலையைப் பின்னோக்கி மீட்டெடுக்கலாம், ஷாட்டுக்கு 375 எம்பிதான். ஆனா திசு ஒலியை விழுங்கற தணிவும் மாதிரியில இருந்தா அந்த வழி ஆகாது. பின்னோக்கி ஓட்டும்போது தணிவு பெருக்கமா மாறி, எண் வெடிச்சிடும்.

சொந்தமா கெர்னல் எழுத மனசில்லைன்னா டெவிட்டோ, இல்லை அதுமேல கட்டின ஸ்ட்ரைட் இருக்கு. பைடார்ச் பழக்கம்னா டீப்வேவ். கே-வேவ் முன்னோக்கிய கணக்குக்கு அருமை, இன்வெர்ஷனை நீங்கதான் சுற்றிக் கட்டணும்.


முப்பந்தல்_காத்தாடி:

அலை அண்ணன் சொன்னதெல்லாம் சரி, 3டி என்றால். இது 2டி. 2டியில் டைம் டொமைனையே நான் கைவிடச் சொல்வேன்.

ஒரு அதிர்வெண்ணுக்கு அலைச் சமன்பாட்டை எழுதினால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடு. அதன் மேட்ரிக்ஸ் ஒலிவேகத்தை மட்டும் பொறுத்தது, எந்த எலிமென்ட் அனுப்புகிறது என்பதைப் பொறுத்தது இல்லை. ஒருமுறை எல்யு ஆக (கீழ், மேல் முக்கோண மேட்ரிக்ஸ்களாக) பிரித்தால் 256 ஷாட்டுக்கும் அதே காரணிகள். பின்னோக்கிய 256 தீர்வுக்கும் அதுவே. டைம் டொமைனில் ஷாட் கூடினால் நேரம் அதே விகிதத்தில் கூடும். இங்கே கனமான வேலை ஒன்றுதான், ஷாட்டுக்கு ஷாட் சேர்வது இலேசான பதிலீடு மட்டும்.

880×880 கட்டத்துக்கு ஒன்பது புள்ளி ஸ்டென்சில் (ஒரு புள்ளியும் சுற்றியுள்ள எட்டும் சேர்ந்த கணக்கு). மெட்டிஸ் வரிசைப்படுத்தலோடு மம்ப்ஸ் அல்லது பார்டிசோ (மேட்ரிக்ஸைப் பிரித்துத் தீர்க்கும் நூலகங்கள்) போட்டால் காரணிகளுக்கு இரட்டைத் துல்லியத்தில் 2 ஜிபியை ஒட்டி ஆகும். 8 கோரில் பிரிப்பது சில விநாடி வேலை. 256 வலப்பக்கங்களையும் (ஷாட்டுக்கு ஒன்று) 32 ஆகச் சேர்த்துக் கொடுத்தால் முன்னோக்கி, பின்னோக்கி இரண்டும் சேர்ந்து ஒரு அதிர்வெண்ணின் ஒரு சுற்று ஒரு நிமிடத்தைத் தாண்டக் காரணமில்லை. ஜிபியுவே வேண்டாம்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள்:

பைத்தானின் சைபை நூலகத்து எஸ்பிசால்வ் ஃபங்க்ஷனை ஷாட் லூப்புக்குள் அழைப்பது. அது ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரிக்கும், அப்புறம் இந்த முறையால் என்ன லாபம்? எஸ்பிஎல்யு கொண்டு ஒருமுறை பிரிக்கலாம்தான், ஆனால் அது ஒற்றைக் கோரில் ஓடும், காரணிகளும் அதிகம் நிரம்பும். 300 கிலோஹெர்ட்ஸ் வரை சமாளிக்கும், மேலே போகாது.

டைம் டொமைனில் ஜன்னல் வெட்டும் வேலையை மறப்பது. அனுப்பும்போது வரும் மின்கசிவு முதல் சில மைக்ரோவிநாடியில் இருக்கும். ஃபூரியே மாற்றத்துக்கு முன்பே அதை மழுங்கிய விளிம்போடு வெட்ட வேண்டும். நேர் வெட்டு வெட்டினால் எல்லா அதிர்வெண்ணிலும் கறை படியும்.

அனுப்பும் துடிப்பைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது ஒரே ஒரு கலப்பெண். கணித்த டேட்டாவின் இணையியோடு அளந்த டேட்டாவைப் பெருக்கிக் கூட்டி, கணித்ததன் வர்க்கக் கூட்டுத்தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் புதுப்பிக்கவும். 2டி மாதிரிக்கும் 3டி உலகத்துக்கும் உள்ள வீச்சு வித்தியாசத்தில் பெரும்பகுதியை இது விழுங்கிவிடும்.

தணிவு வேண்டுமென்றால் ஒலிவேகத்தைக் கலப்பெண்ணாக்கினால் போதும், கூடுதல் செலவு கிடையாது. 3டிக்கு மட்டும் இந்த வழி அடைபடும். அங்கே காரணிகள் ராமை விழுங்கிவிடும்.


பேச்சிப்பாறை:

கணக்கை வேகப்படுத்துவது இருக்கட்டும், 30 சுற்று ஏன் தேவைப்படுகிறது என்றும் பாருங்கள். அதற்குப் பாதிக் காரணம் தொட்டிக்குள் இருக்கும்.

நீரின் ஒலிவேகம் 25 டிகிரியில் 1497, 30ல் 1509, 35ல் 1520 மீ/வி. நம்ம ஊர் அறை வெப்பத்தில் டிகிரிக்கு 2.3 மீ/வி என்று கணக்கு. 200 மி.மீ. பாதையில் ஒரு டிகிரி தவறினால் 0.2 மைக்ரோவிநாடி, 1 மெகாஹெர்ட்ஸில் 72 டிகிரி ஃபேஸ். 1500 என்று கோடில் எழுதிவைத்துவிட்டு 30 டிகிரி நீரில் அளந்தால், இன்வெர்ஷன் தன் சுற்றுகளில் பாதியை நீரின் வேகத்தைத் திருத்தவே செலவிடும். தெர்மாமீட்டரை மேலே ஒன்று, கீழே ஒன்று போடுங்கள். இரண்டும் 0.1 டிகிரிக்குள் ஒத்துவரும்வரை மெதுவாகக் கலக்கிக் காத்திருங்கள்.

உப்பும் உண்டு. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கூடினால் 1 மீ/விக்குச் சற்று மேல் கூடும். குளச்சல், முட்டம் மாதிரிக் கரையோர போர்வெல் தண்ணீரை ஊற்றிவிட்டு நன்னீர் அட்டவணையைப் பார்த்தால் ஒத்துவராது. ஆர்ஓ தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள். கரைந்த காற்றும் போகும். எலிமென்ட் முகத்தில் ஒட்டும் குமிழை மென்மையான பிரஷ்ஷால் துடைத்த பிறகே அளவு எடுங்கள். ஒரு குமிழ் ஒரு எலிமென்ட்டைச் செவிடாக்கும். படத்தில் அது வளையத்திலிருந்து விசிறியாக விரியும் கோடாகத் தெரியும்.

ஒவ்வொரு நாளும் வெறும் நீரில் முழு 256×256 அளவு ஒன்று எடுத்து வையுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு எலிமென்ட்டின் இடத்தையும் தாமதத்தையும் தீர்க்கலாம். 0.1 மி.மீ. இடப்பிழை என்றால் 0.067 மைக்ரோவிநாடி. ஒன்று கவனம்: வளையத்தின் விட்டத்தையும் நீரின் வேகத்தையும் ஒருசேரத் தீர்க்க முடியாது. விட்டம் கொஞ்சம் பெரிது, வேகம் கொஞ்சம் கூடுதல் என்றாலும் அதே நேரம்தான் வரும். வேகத்தைத் தெர்மாமீட்டரால் நிலைநிறுத்திவிட்டு இடத்தைத் தீருங்கள். இன்வெர்ஷனிலும் தோலுக்கு வெளியே கிரேடியன்ட்டைப் பூஜ்ஜியமாக்குங்கள். தெரிந்த நீரை ஏன் மறுபடி தேடவேண்டும்?


வேளிமலை:

மூவருக்கும் நன்றி. காத்தாடி அண்ணன் வழியில் 550 கிலோஹெர்ட்ஸில் மட்டும் சோதனையாக ஓட்டினேன். நேரம் பிரச்சினையே இல்லை. ஆனால் பிழை முதல் ஆறு சுற்றில் இறங்கி அப்படியே நின்றுவிடுகிறது. படத்தில் கொழுப்பின் ஓரம் பிறை மாதிரிப் பிளந்து, உள்ளே 1600க்கு மேல் புள்ளிகள். துவக்க மாதிரி இப்போது 1509. இன்னொன்று: 256 ஷாட்டையும் சீரற்ற குறிகளோடு கூட்டி ஒரே ஷாட்டாக ஓட்டும் சோர்ஸ் என்கோடிங் பற்றிப் படித்தேன். அதையும் சேர்க்கலாமா?


குளச்சல்_அலை:

பிறை வந்தா சைக்கிள் ஸ்கிப். கணக்கு போட்டுப் பாருங்க: 10 செ.மீ. கொழுப்பு 1450, நீங்க வச்சது 1509. வித்தியாசம் 2.7 மைக்ரோவிநாடி. 550 கிலோஹெர்ட்ஸில அரை அலைக்காலம் 0.9. மூணு மடங்கு தாண்டியாச்சு. இன்வெர்ஷன் பக்கத்து அலைமுகட்டோட கைகோத்துக்கிட்டு, அதுதான் சரின்னு உக்காந்துக்கும். 300லயே அரைக்காலம் 1.67தான், அதுவும் போதாது. படி ஏறினா மட்டும் ஆகாது, துவக்க மாதிரி வேணும்.

வெறும் நீர் அளவோட ஒப்பிட்டு முதல் வருகை நேர வித்தியாசத்தை எடுங்க. அனுப்பிக்கு எதிர்ப்பக்கத்து ரிசீவர்களை மட்டும் எடுங்க, பக்கத்துல இருக்கறது வெறும் நீரைத்தான் பாக்குது. 2 மி.மீ. கட்டத்துல நேர்க்கதிர் எஸ்ஐஆர்டி (வருகை நேரத்துலருந்து வேகத்தைச் சுற்றுச் சுற்றாத் திருத்துற முறை), பிறகு ஃபாஸ்ட் மார்ச்சிங் (அலை வந்துசேரும் நேரத்தைக் கணிக்கற முறை) வச்சு வளைகதிர் மூணு நாலு சுற்று. மொத்தமும் ஒரு டீ குடிக்கற நேரம். மீதிப் பிழை 0.3 மைக்ரோவிநாடிக்குள்ள வந்தா 1 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் பயமில்லை.

சரியாச்சான்னு பாக்க, அளந்ததுக்கும் கணிச்சதுக்கும் உள்ள ஃபேஸ் வித்தியாசத்தை 256×256 படமா வரையுங்க. நிறம் வழுவழுன்னு மாறினா சரி. 180லருந்து மைனஸ் 180க்குப் பட்டுன்னு தாவுற கோடு தெரிஞ்சா அந்த அதிர்வெண்ணுக்கு இன்னும் தயாராகலை.

என்கோடிங் உங்க இடத்துக்கு வேண்டாம். எல்யு வழியில ஷாட் எண்ணிக்கை செலவே இல்லையே. நாளைக்கு 3டிக்குப் போனா வேணும், அப்பவும் ரெண்டு விஷயம். ஒண்ணு, எல்லா ஷாட்டையும் கூட்டணும்னா எல்லா ரிசீவரும் எல்லா ஷாட்டையும் கேட்டிருக்கணும். வளையத்துல அனுப்பிக்குப் பக்கத்து எலிமென்ட்களைத் தள்ளிவச்சிருவோம், அந்த ஓட்டை கூட்டுத்தொகையில கலந்துபோகும், பிரிக்க முடியாது. ரெண்டு, ஒவ்வொரு சுற்றிலும் குறிகளை மாத்தணும், அப்போ எல்-பிஎஃப்ஜிஎஸ் (முந்தின சுற்றுகளை வச்சு அடுத்த திருத்தத்தைத் தீர்மானிக்கற முறை) பழைய கிரேடியன்ட்டை நம்பி ஏமாறும். அதுக்கு எட்டுக்கு ஒரு ஷாட்னு 32 எடுத்து, சுற்றுக்கு ஒண்ணு தள்ளித் தள்ளிப் போறது மேல்.


முப்பந்தல்_காத்தாடி:

பேச்சிப்பாறை அக்கா சொன்ன வெறும் நீர் தொட்டி அளவை வைத்தே அனுப்பும் துடிப்பின் கலப்பெண்ணுக்கும் முதல் மதிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மேலும், செயற்கை டேட்டாவை வைத்துச் சோதிக்கும்போது அதை 0.28 கட்டத்தில், அதே ஸ்டென்சிலில் உண்டாக்காதீர்கள். கேள்வியையும் விடையையும் ஒரே ஆள் எழுதிய பரீட்சை மாதிரி ஆகிவிடும். கே-வேவில் வேறு கட்டத்தில் உண்டாக்குங்கள்.


வேளிமலை:

கொட்டேஷனை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று: 1 மெகாஹெர்ட்ஸில் 256 தீர்வையும் ராமிலேயே வைத்துக்கொள்ளலாமா, இல்லை 32 ஆக எழுதி வாசிக்க வேண்டுமா?


முப்பந்தல்_காத்தாடி:

ஒரு தீர்வு 774,400 கலப்பெண், 12.4 எம்பி. 256க்கு 3.2 ஜிபி, பின்னோக்கியதையும் சேர்த்து 6.4. காரணிகளோடு 10 ஜிபி தாண்டாது, 64ல் தாராளமாக நிற்கும். 32 என்பது மம்ப்ஸுக்குக் கொடுக்கும் கொத்து மட்டும், டிஸ்க்கைத் தொடவேண்டாம். டிஸ்க்கில் எழுதவேண்டியது ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒலிவேக மாதிரி மட்டும், 3 எம்பி. ஐப்பசி இடிக்குக் கரண்ட் போனால் அதிலிருந்து தொடரலாம்.